நிமிர்வதும் பொய்யாகுமோ?

நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் முன்னாள் மாலையில் கருவடிக்குப்பத்து இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். பட்டம் பெற்றவர், கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகன்.

“சாமி, பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து கைகட்டி நிற்க வேண்டும் என்று வீட்டில் வளர்த்தார்கள். பயிற்சி வகுப்பிலோ, கண்ணைப் பார்த்துப் பேசு, கைகட்டாதே, நிமிர்ந்து உட்கார் என்கிறார்கள். உள்ளே நடுங்கிக்கொண்டு வெளியே துணிவைக் காட்டினால் அது பொய்யாகாதா?” என்று கேட்டார்.

வேடதாரித்தனத்தைக் கண்டித்துப் பழகிய நமக்கு, ‘ஆம், பொய்தான்’ என்று கூறிவிடுவது எளிது. ஆயினும் நாம் தயங்கினோம்.

இன்று உடல்மொழி எனப்படுவதை மெய்ப்பாடு என்ற பெயரால் நம் முன்னோர் ஆராய்ந்திருக்கின்றனர். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் பெருமிதமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பெருமிதம் பிறக்கும் காரணங்களாக அந்நூல் கூறும் நான்கனுள் முதலாவது கல்வி. அப்படியானால், கல்லாதவன் கற்றவனைப்போல் நிமிர்வது பொய். கற்றவன் நிமிர்வது பொய்யன்று, அச்சம் மூடி வைத்திருந்த மெய்.

அந்த அச்சத்தைக் கற்பித்தவர் யார்? தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் ஏந்தித் தெருவைக் கடந்த தலைமுறைகள் நம் மண்ணில் இருந்தன. பணிவு ஒரு புண்ணியம். ஆனால் பிறர் சுமத்திய கூனலுக்குப் பணிவென்று பெயர் சூட்டலாகாது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதி உலவிய குயில் தோப்பு இதே கருவடிக்குப்பத்தில்தான் இருந்தது. அச்சத்தைப் பகையெனப் பாடிய அக்கவிஞர் நடந்த மண்ணில், ஓர் இளைஞர் நிமிர்ந்து உட்கார அனுமதி கேட்கும் நிலை நம்மை வருத்தாதா?

ஆயினும் உடல்மொழியே எல்லாம் என்பதும் உண்மையன்று. ஒருவரது பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று பயிற்சி வகுப்புகள் ஓதுகின்றன. 1967இல் வெளிவந்த ஆல்பர்ட் மெஹ்ரேபியனின் ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கு அது. விருப்பு வெறுப்பை வெளியிடும்போது சொல்லும் குரலும் முகமும் முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதையே அவர் ஆராய்ந்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாதென அவரே எச்சரித்துள்ளார்.

இதுவரை மேசையின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தோம். மறுபக்கம் அமர்ந்திருப்போருக்குப் பொறுப்பில்லையா? ஈசாயின் இல்லத்தில் மூத்த மகனின் தோற்றத்தைக் கண்டு சாமுவேலே மயங்கினார். தேர்ந்துகொள்ளப்பட்டவரோ ஆடு மேய்க்கச் சென்றிருந்த கடைசி மகன். இறைவாக்கினருக்கே நேர்ந்த தவறு, சில நிமிடங்களில் ஒருவரை எடைபோடும் அதிகாரிகளுக்கு நேராதா? ஹரியானா ஆட்சிப் பணித் தேர்வு பற்றிய வழக்கில், பொதுப் போட்டியாளர்களுக்கு நேர்முகத் தேர்வின் மதிப்பெண் 12.2 விழுக்காட்டை மீறலாகாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே நீக்கப்பட்டது. கைகட்டி நிற்பவரைத் திறமையற்றவர் என்றும், நாற்காலியில் சாய்ந்திருப்பவரைத் தலைவர் என்றும் முடிவு செய்வது, பிறப்பின் வாய்ப்பையே மீண்டும் பரிசளிப்பதாகும்.

அந்த இளைஞரிடம் நாம் கூறியது இதுதான்: “நிமிர்ந்து உட்கார், தம்பி. தெரிந்ததைக் கண்ணைப் பார்த்துச் சொல். தெரியாததையும் அப்படியே கண்ணைப் பார்த்து, ‘தெரியாது’ என்று சொல். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்ட உன் உடலைப் பயன்படுத்தினால் மட்டுமே அது பொய்.”

சில நாள் கழித்து அவர் வந்தார். வேலை கிடைக்கவில்லை. “ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை, சாமி. தெரியாது என்று சொன்னேன். அப்போது கை நடுங்கவில்லை” என்றார்.

வேலை தராதவர்கள் அதைக் கவனித்தார்களோ இல்லையோ, நாம் கவனித்தோம். நம் முன்னே அவர் கைகட்டி நிற்கவில்லை. நமக்கு எதிரே இருந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார்.