மருந்தாளரும் எல்லைக்கோடும்

புத்தளக் களப்பின் கரைக்கு இடப்பெயர்வு புதியதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலேயே தஞ்சம் புகுந்தனர். வீட்டையும் கடையையும் இழந்து வந்த அம்மக்களிடையே மருந்தாளர் ஒருவரும் இருந்தாரெனக் கொள்வோம். அவரது கடை போயிற்று, தகுதி போகவில்லை. ஏனெனில் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இலங்கை மருத்துவ சபை பேணும் பதிவேடு தீவு முழுவதற்கும் ஒன்றே. யாழ்ப்பாணத்து மருந்தாளர் கற்பிட்டியிலும் மருந்தாளரே.

இன்று அவர் மகளும் மருந்தியல் கற்று, கனடா செல்ல விழைகிறாள் என்று கொள்வோம். அங்கே இப்பதிவு செல்லாது. கியூபெக் நீங்கலான மாகாணங்களில் கனடிய மருந்தியல் தேர்வுச் சபையின் தேர்வுகளில் தேறவேண்டும். அதன்பின் வாழும் மாகாணத்தின் உரிமமும் பெறவேண்டும். “கற்பிட்டியில் அறிவாயிருந்தது டொரொன்டோவில் வெறுங் காகிதமாவது எங்ஙனம்?” என்று நம் இளைஞர் சினக்கின்றனர். அச்சினம் முற்றும் நியாயமானதா?

உரிமம் என்பது கற்றவருக்குச் சூட்டும் மாலையன்று. நோயாளிக்குக் கொடுக்கும் பிணை. மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கலாம். மாத்திரையை எப்படிப் பார்ப்பது? நாம் பரசிட்டமோல் என்பதைக் கனடாவில் அசிட்டமினோஃபென் என்பர். இரண்டும் ஒன்றென அறியாதவர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மிஞ்சி ஈரல் கெடும். ஆகவே சோதிப்பது முறையே. ஆனால் நோயாளியின் நலனுக்கு யாதொரு பயனுமின்றி, கட்டணத்தாலும் காத்திருப்பாலும் மட்டும் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் சோதனை காவலன்று. தொழிலைச் சுற்றிக் கட்டிய மதில்.

இதனினும் கடுமையான வினா ஒன்றுண்டு. அவள் விட்டுச்செல்லும் நோயாளிக்கு யார் பிணை? 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நிலைபெற்ற இலவசக் கல்வியே அவளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றது. அதன் செலவில் உப்பளத்துக் கூலியாளின் வரிப்பணமும், உடப்பில் வலையிழுப்பவரின் வரிப்பணமும் உண்டு. 2022இன் நெருக்கடியில் மருந்துக்கே தட்டுப்பாடு கண்ட மக்கள் இவர்கள். மருந்து வந்தாலும், அதை உண்ணும் முறையைத் தாய்மொழியில் எடுத்துரைக்க ஆளில்லையெனின் என் செய்வர்?

அதற்காக அவளைத் தடுத்து வைக்கலாமா? ஆகாது. உழைப்புக்கேற்ற ஊதியம் தராத அரசுக்குத் தியாகம் போதிக்கும் உரிமை கிடையாது. ஆனால் பயிற்சிக்கு ஒரு சதமும் செலவிடாமல் ஆயத்தமான மருந்தாளரைப் பெற்றுக்கொள்ளும் செல்வநாட்டை யார் சோதிப்பது? உலக சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளரைச் சேர்ப்பது குறித்து 2010இல் ஒரு நெறிக்கோவை வகுத்தது. அதை ஏற்பது அவரவர் விருப்பம், கட்டாயமில்லை. தனிமனிதருக்குத் தேர்வு கட்டாயம். நாடுகளுக்கு அறம் விருப்பப் பாடம்!

சேனக பிபிலேயை நினைவுகூர்வோம். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி, வணிகப் பெயரின் பகட்டை நீக்கி, மருந்தை அதன் பொதுப்பெயரால் மலிவாக வாங்க வழிகாட்டியவர் அவர். 1977இல் ஐக்கிய நாடுகள் பணிக்காகச் சென்ற கயானாவில் காலமானார். அவரும் எல்லை கடந்தவரே. வறிய நாடுகளின் நோயாளரை நோக்கிக் கடந்தார்.

எனவே, அறிவு எல்லை கடப்பது குற்றமன்று. கடக்கும் இடத்து நோயாளியை மட்டும் எண்ணி, விட்டுவந்த இடத்து நோயாளியைக் கணக்கிலெடாமையே குற்றம். அக்குற்றத்தில் பெரும்பங்கு பெறும் நாட்டுக்கும் அனுப்பும் அரசுக்கும் உரியது. சிறுபங்கு அவளுக்கும் உண்டு. கல்வி தந்த கரையை மறப்பாளாயின் அதுவே அவள் பங்கு. ஆசிரியரே, மாணவரே! வெளிநாட்டுத் தேர்வுக்கு வழிகாட்டும் நம் வகுப்பறைகளில் இக்கணக்கையும் சேர்த்துக் கற்பிப்போம்.