சாமி படத்தில் என் கையெழுத்து

ஜாசின் வட்டாரத் தோட்டக் கோயில் ஒன்றின் திருவிழாவில், தண்ணீர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி என் படங்களைத் தொங்கவிட்டிருந்தேன். முனியாண்டி படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த கோயில் தலைவர் கேட்டார்: "படம் நல்லாத்தாம்மா இருக்கு. சாமி காலடியில உம்பேரு எதுக்கு?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாமியை வரைகிறவள் தனக்கென்று பார்வையாளரைத் தேடலாமா? பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனாலும் மலாக்கா நகரில் நடக்கும் கூட்டுக் கண்காட்சிகளுக்குப் படம் அனுப்புகிறேன். திறப்பு விழாக்களில் முன்பின் தெரியாதவர்களிடம் பெயரைச் சொல்லி அட்டை கொடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று படுக்கப்போகும் முன் எடுத்துப் பார்க்கிறேன். இது பக்தியா, பேராசையா?

பார்க்கப்பட வேண்டும் என்ற ஆசைக்கு நம் சமயத்தில் இடம் இருக்கிறது. கோயிலுக்கு நாம் போவதே பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்கும்தான். சிலையில் கடைசியாகத் திறக்கப்படுவது கண். ஸ்தபதி அதைத் திறந்ததும் பசுவும் கன்றும், தானியமும், கன்னிப் பெண்களும் சாமியின் முதல் பார்வையில் படும்படி நிறுத்துவார்கள். முதல் பார்வைக்கே இத்தனை ஏற்பாடு! குடமுழுக்கு முடிந்த பிறகு, அந்தக் கண்ணைத் திறந்தவர் கருவறைக்குள் போக முடியாது. நம்மோடு வரிசையில் நின்றுதான் கும்பிட வேண்டும். படைத்தவர் விலகி நிற்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது. அவர் பெயர் அழிய வேண்டும் என்பது இதில் எங்கே இருக்கிறது?

மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கும் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் அதைக் கட்டிய தெய்வநாயகம் செட்டியின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. சிலை வடித்தவர் யார் என்று கேட்டால், எனக்குப் பதில் சொன்னவர் யாருமில்லை. தஞ்சையில் அப்படி இல்லை. 1010இல் முடிந்த பெரிய கோயிலில், அதைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். தச்சன் பெயர் இருப்பதால் அங்கே பெருவுடையாருக்கு என்ன குறைந்துவிட்டது?

எனக்கு வழிகாட்டி கோவில்பட்டி கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார், பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தார். குழு கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கி, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படங்கள் வரைந்து கொடுத்தார். அவருக்கு முன் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். கொண்டையராஜுவின் படங்களோ கடைக்காரர் இனாமாகக் கொடுக்கும் நாள்காட்டியில் ஏறின. அவற்றைப் பார்த்தது எந்தக் கலைக்கூடமும் கூட்ட முடியாத கூட்டம். துறவு தேடிப் போன அந்த மனிதர் படத்தின் ஓரத்தில் தன் பெயரை எழுதினார். சேர்ந்து வரைந்த மாணவர்களின் பெயரையும் எழுதவிட்டார். அதை அகங்காரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இந்தக் கோடு என் கையிலிருந்து வந்தது, பிழை இருந்தால் என்னைக் கேளுங்கள் என்று பொறுப்பேற்பது அது.

எங்கள் லயத்து வீட்டில் பாட்டி, வருடம் முடிந்ததும் நாள்காட்டியிலிருந்து கடைப் பெயரை வெட்டி எறிந்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போடுவார். ஓரத்துக் கையெழுத்து மட்டும் கண்ணாடிக்குள் அப்படியே இருக்கும். விளக்கேற்றும்போது யாரும் அதைப் படித்ததில்லை. பெயரும் இருந்தது, சாமியும் இருந்தது.

நகரக் கண்காட்சிகளில் எந்த ஊர், யாரிடம் கற்றேன், யாரைத் தெரியும் என்று விசாரிப்பார்கள். படத்தின் முன் நிற்பவர்கள் குறைவு. அங்கே போவதை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். வழிகள் அங்கேதான் திறக்கின்றன, காகிதத்துக்கும் அச்சுக்கும் ரிங்கிட் வேண்டும். ஆனால் எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்: படத்தைப் பாருங்கள் என்று யாரிடமும் கேட்பேன்; என்னைப் பாருங்கள் என்று கேட்க மாட்டேன்.

அந்தத் திருவிழாவில் ஒரு பாட்டி முனியாண்டியின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் விரல் பட்டது சரியாக என் கையெழுத்தின் மேல். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தலைவருக்கு நான் சொல்ல நினைத்த பதிலை அந்த விரல் சொல்லிவிட்டது.

எனக்கு முன்பே இங்கே முனியாண்டியை வரைந்தவர்கள் உண்டு. மலாயாவில் ரப்பர் தோட்டப் பயிரானதே இந்த மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில். பால்மரம் வெட்ட வந்தவர்கள் மரத்தடியில் முனியாண்டியை நிறுத்தி, சுவரில் அவரை வரைந்தார்கள். இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சனங்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். பல கோயில்கள் இடம் மாறுகின்றன. உங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் கையால் வரைந்த படம் இன்னும் இருந்தால், இடிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். வரைந்தவர் யார் என்று அங்குள்ள பெரியவர்களைக் கேட்டு, அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள்.