தள்ளிய வரி யாருடைய பணம்?

சிறிய பட்டினம் ஒன்றில் இருபதாண்டுகளாக மளிகைக்கடை நடத்தும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அரையாண்டுதோறும் அவர் மதிப்பீட்டு வரியைத் தவறாமற் செலுத்துகிறார். தெருவிளக்கு எரிவதும் சாக்கடை வாரப்படுவதும் அத்தகைய பணத்தினாலேயே. அப்பட்டினத்துக்குப் பெருந்தொழிற்சாலை ஒன்றை வரவழைக்க விரும்பும் ஆட்சியாளர், "சில ஆண்டுகளுக்கு உங்களுக்கு வரி வேண்டாம், வந்தாற் போதும்" என்று அதன் முதலாளிமாரை அழைக்கின்றனர். இருந்தவன் கொடுக்க, வந்தவன் கொடாதிருப்பது நியாயமா?

அநியாயமென்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடலாம். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். பினாங்கின் வரலாற்றை ஊன்றி நோக்கிய பிறகு அவ்வெண்ணம் சற்றே தளர்ந்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் குடியேற்றம் அமைத்தபோது, சுங்கமின்றி வாணிபம் செய்யலாம் என்று கூறியே வணிகரை அழைத்தார். அந்தச் சுங்கமில்லாத் துறைமுகம் 1969-இல் தன் உரிமையை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாயிற்று. அவ்வாண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூவின் ஆட்சியில், 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றிற்று. நிலத்தை மாநிலம் ஆயத்தம் செய்தது. வரிவிலக்கை மத்திய அரசாங்கம் அளித்தது. இன்டெல் முதலிய அந்நியக் கம்பெனிகள் வந்தன. ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு வேலை கிடைத்தது. பசித்திருந்த வீட்டில் அடுப்பு எரிந்ததைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அங்கே விலக்கப்பட்டது வரி மட்டுமன்று. மின்னணுத் தொழிலாளர் தமக்கென நாடளாவிய சங்கம் அமைக்கும் உரிமையும் பல்லாண்டுகள் மறுக்கப்பட்டது. விருந்தாளிக்கு இலை போடுவதற்காக வீட்டுப் பெண்களின் வாயைக் கட்டுவது எந்த ஊர் உபசாரம்?

அமெரிக்காவில் நடந்த ஒன்று இவ்விஷயத்தின் மறுபுறத்தைக் காட்டும். விஸ்கான்சின் மாநிலம் 2017-இல் ஃபாக்ஸ்கான் கம்பெனிக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகை அளிக்க இசைந்தது. 13,000 பேருக்கு வேலை என்பது கம்பெனி கொடுத்த வாக்கு. மவுண்ட் பிளசண்ட் என்னும் சிற்றூர் கடன்பட்டு நிலம் வாங்கிற்று. அங்கே குடியிருந்தோர் வீடுகளை விட்டு அகன்றனர். சொன்ன அளவில் வேலைகள் வரவில்லை. 2021-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 1,454 வேலைகளுக்கு 8 கோடி டாலர் என்று சுருங்கிற்று. வேலைக்கு ஏற்பவே வரிச்சலுகை என்று முன்னரே எழுதி வைத்திருந்தமையால் மாநிலத்தின் பணம் பெரும்பகுதி தப்பியது. 2023-இல் அந்நிலத்தில் ஒரு பகுதியை மைக்ரோசாப்ட் கம்பெனி வாங்கிற்று. நிலத்துக்கு வேறு ஆள் கிடைத்தார். இடித்த வீடுகளுக்கோ எவரும் உயிர் கொடுக்கவில்லை.

தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவனுக்கு இது பழகிய கணக்கே. தொழிலாளி ஐம்பது வெள்ளி முன்பணம் கேட்டால் அது செக்ரோலில் ஏறுகிறது. சம்பள நாளில் பிடித்தமாகிறது. எவரும் அதனைத் தருமம் என்று அழைப்பதில்லை. தள்ளப்படும் வரியும் அத்தகைய முன்பணமே. கொடுப்பவர் ஆட்சியாளர் அல்லர், அந்த மளிகைக்கடைக்காரர். வராத வரிக்காக விளக்குகள் அணைக்கப்படுவதில்லை. செலவை மற்றவர்கள் சுமக்கிறார்கள். ஐம்பது வெள்ளிக்கு உள்ள கணக்குப் புத்தகம் கோடிக்கணக்கான வெள்ளிக்கு ஏன் இருக்கலாகாது? எத்தனை ஆண்டு, எத்தனை வேலை, என்ன சம்பளம், தவறினால் திருப்பித் தர வேண்டிய தொகை யாது என்பன ஊரார் பார்க்கும்படி எழுதப்பட வேண்டாவா?

கடன் கொடுப்பவரைக் கேட்டே கடன் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. தொழிற்சாலை வந்தால் தம் கடையிலும் வியாபாரம் பெருகுமென்று அவரே முகமலர்ந்து இசையக்கூடும். ஆனால் நம் நாட்டில் அவரைக் கேட்பார் யார்? ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு அறவே ஒழிந்தன. நகராண்மைக் கழக உறுப்பினர்கள் நியமிக்கப்படுவோரே. மதிப்பீட்டு வரியைக் குறைக்கவும் விலக்கவும் அதே சட்டம் மாநில அரசாங்கத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. கடைக்காரருக்கு அரையாண்டுதோறும் வரிச்சீட்டு மட்டும் தவறாமல் வருகிறது. எவருக்கு எவ்வளவு தள்ளப்பட்டது என்பதற்கு அச்சீட்டில் இடமில்லை.