குருவியின் கழுத்தில் மஞ்சள்

துப்பாக்கி பிடிக்குமா உங்களுக்கு?

'சேச்சே, எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே அழுது வாங்கிய தகரத் துப்பாக்கி. உள்ளே சிவப்பு நிறத்தில் சுருள் கேப். ஒன்று வெடிக்கும், அடுத்தது காலை வாரும். மூன்றாம் நாள் ஸ்பிரிங் போய்விடும். மிச்சச் சுருளைத் தரையில் வைத்துக் கருங்கல்லால் குத்தி வெடிப்போம். அந்த மருந்து வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறதா, இல்லையா?

தகரத் துப்பாக்கிக்கு வழியில்லாத வீடுகளில் உண்டிவில். அதுவும் கிடைக்காதவனுக்கு ஆண்டவன் கொடுத்த ஆள்காட்டி விரலும் கட்டை விரலும். வாயால் 'டுமீல்' என்றால் எதிரே இருப்பவன் கண்டிப்பாக விழ வேண்டும். விழாவிட்டால் சண்டை.

வளர்ந்த பிறகு? மெரினாவில் பலூன் சுடும் கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார். 'குழந்தைக்காக' என்று ஏர்கன்னை வாங்கும் அப்பா, பத்துக் குண்டில் எட்டைத் தானே சுட்டுவிட்டு, இரண்டு பலூன் மட்டும் உடைந்ததற்குத் துப்பாக்கியின் குறி வளைந்திருப்பதாகக் குற்றம் சொல்வார். குழந்தை பக்கத்தில் சுண்டலோடு நிற்கும்.

எங்கிருந்து வருகிறது இந்த ஆசை? கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிற ஊரில் பிறந்த, எறும்பைக்கூட ஓரமாக ஊதிவிடுகிற ஆசாமிக்கும் கை ஏன் பரபரக்கிறது?

மாம்பலத்து நண்பர் ஒருவர் போன் செய்ததால்தான் இந்த யோசனை. பத்தாவது படிக்கும் மகள், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதை டி.வி-யில் பார்த்ததிலிருந்து ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிடச் சொல்லி உயிரை எடுக்கிறாளாம். "எங்க வீட்டுல முட்டைகூட வாங்கறதில்லை சார். இவ துப்பாக்கி வேணுங்கறா. அனுப்பலாமா, கூடாதா? நீங்க பத்திரிகைக்காரர், சொல்லுங்க!"

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாமே என்று இரண்டு நாள் டைம் கேட்டேன்.

பிள்ளைகளுக்குத் துப்பாக்கி பொம்மையே வாங்கித் தர மாட்டேன் என்று கொள்கை வைத்திருக்கும் பெற்றோர் உண்டு. மதிக்கிறேன். ஆனால், அந்த வீட்டுப் பையன் தோசையை 'ட' மாதிரி கடித்து, பாட்டியைக் குறி பார்ப்பான். சினிமாதான் கெடுக்கிறது என்று சொல்லலாம். சினிமா இல்லாத காலத்திலும் பையன்கள் கவண் சுற்றினார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. முதல் ஆசை கொல்வதில் இல்லை. தூரத்தில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்... குழந்தைக்குக் கை எட்டுவதே இல்லை. அலமாரி எட்டாது, ஸ்விட்ச் எட்டாது, மாங்காய் எட்டாது. அப்படிப்பட்ட ஜீவன் இங்கே விரலை அசைத்ததும் அங்கே ஒன்று 'டப்'பென்று உடைந்தால் எப்படி இருக்கும்! நகராமலேயே உலகத்தைத் தொட்டாயிற்று. இந்த சந்தோஷத்தில் பாவம் எதுவும் இல்லை. பந்து எறிவதிலும் பட்டம் விடுவதிலும் இருப்பது இதே சந்தோஷம்தான்.

வில்லங்கம் அடுத்த கட்டத்தில். உடைந்தது என்ன என்று அங்கே நடந்து போய்ப் பார்க்கிறோமா?

துரோணர் வைத்த பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? மரத்தில் பொம்மைப் பறவையைக் கட்டி வைத்து, 'என்ன தெரிகிறது?' என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மற்றவர்கள் மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, நீங்கள் தெரிகிறீர்கள் என்றார்கள். ஃபெயில். அர்ஜுனனுக்கு மட்டும் பறவை தெரிந்தது. அப்புறம் அதுவும் போய்க் குறி மட்டும்தான் தெரிந்தது. முதல் மார்க். கவனத்துக்கு உதாரணமாகப் பள்ளிக்கூடம் முதல் மேனேஜ்மென்ட் வகுப்பு வரை இந்தக் கதையைத்தான் சொல்கிறோம். குறி பார்க்கிறவனுக்கு இது சரியான பாடம். ஆனால் குறி பார்க்கிற நேரத்தில் முழுப் பறவை மறைந்துபோகிறது என்ற விஷயமும் இதே கதையில் இருக்கிறதே, அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சலீம் அலி தானாகவே கற்றுக்கொண்டார்.

1896-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, மும்பை கேத்வாடியில் மாமா அமிருதீன் தய்யப்ஜி வீட்டில் வளர்ந்தார். மாமா வேட்டைப் பிரியர். பையனுக்கு ஒரு ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். அந்த வயதில் நம்ம பையன்கள் என்ன செய்வார்களோ அதையேதான் அவரும் செய்தார். குருவி சுட்டார். வீட்டு லாயத்தில் கூடு கட்டியிருந்த குருவி ஜோடியில் ஆணைச் சுட்டார். பெண் குருவி சீக்கிரமே இன்னொரு ஆணோடு வந்தது. அதையும் சுட்டார். ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள்! படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால், அந்தச் சின்னப் பையன் இன்னொரு காரியமும் செய்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் புது ஆண் வந்து சேர்ந்ததைக் குறித்து வைத்திருக்கிறான். சுட்ட இடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவன்.

இன்னொரு நாள் சுட்டு வீழ்த்திய குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால், கழுத்தில் ஒரு மஞ்சள் திட்டு. வழக்கமான குருவிக்கு அது கிடையாதே! மாமாவிடம் ஓடினார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஒரு கடிதம் கொடுத்து, பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர், செத்த குருவியோடு வந்து தயங்கி நின்ற பத்து வயதுப் பையனை விரட்டவில்லை. அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று சொன்னார். அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். இந்தியாவின் 'பறவை மனிதர்' அன்றைக்குத்தான் பிறந்தார். தன் சுயசரிதைக்கு அவர் வைத்த பெயரே 'ஒரு குருவியின் வீழ்ச்சி'. 1985-ல் வெளிவந்தது.

இதைச் சொல்லிவிட்டு, 'அன்று முதல் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டார்' என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. ஆராய்ச்சிக்காகப் பல காலம் அவர் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார். அதை ஒளிக்கவும் இல்லை. அதே மனிதர்தான் பின்னாளில், நம்ம கோடியக்கரையில் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஆராய்ந்த வேலைக்கும் வழிகாட்டி.

அந்தக் காலத்தில் ஏர்கன் வைத்திருந்த பையன்கள் எத்தனையோ ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் சுட்ட குருவிகளில் எத்தனையோ மஞ்சள் கழுத்து இருந்திருக்கும்.

நான் பி.காம் படித்தவன். எதையும் கணக்குப் புத்தகமாகப் பார்க்கிற வியாதி உண்டு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு எழுத வேண்டும் என்பதுதான் முதல் வருடப் பாடம். துப்பாக்கியில் இருக்கிற பெரிய ஆபத்து, அது ஒற்றைப் பதிவில் கணக்கை முடிக்க விடுகிறது. 'அடிச்சேன்' என்று இந்தப் பக்கம் எழுதிவிட்டுப் போய்விடலாம். எதிர்ப்பக்கம் காலியாகவே கிடக்கும்.

ஓணான் அடிக்கும் பையன்களைப் பாருங்கள். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். ஆகவே அடிக்கலாம். அடித்துவிட்டு, எதிர்ப்பக்கத்தை நிரப்ப நம்மவர்கள் கண்டுபிடித்த கதை! ஓணானுக்குப் போய் இவ்வளவு பெரிய குற்றப்பத்திரிகை தேவைப்பட்டிருக்கிறது என்பதே, அடித்தவன் மனசு கொஞ்சம் உறுத்தியிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

சினிமாவில் துப்பாக்கி வந்தால் எதிர்ப்பக்கமே கிடையாது. ஹீரோ சுடுவார், அடியாள் சுருண்டு விழுவான், அடுத்த காட்சியில் டூயட். விழுந்தவன் வீட்டில் அன்றைக்கு யார் சமைத்தார்கள் என்று எந்த டைரக்டரும் காட்டுவதில்லை. தமிழ்நாட்டு ரசிகன் ஒரே ஒரு முறை அந்த எதிர்ப்பக்கத்தைப் பார்த்தான். 1967, ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு. சுட்டவர் எம்.ஆர்.ராதா. அவர் உடம்பிலும் குண்டு. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர் இருக்கும் படம் போஸ்டராகி, அடுத்த மாதத் தேர்தலில் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஜெயித்தார். அரசியலை விடுங்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் மாறிப்போன அந்தக் குரல் இருந்ததே... தியேட்டரில் விசில் அடித்தவனுக்கு, ஒரு குண்டு எவ்வளவு வருஷம் உடம்பில் தங்கும் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

அதே 1967-ல் அமெரிக்காவில் பெர்கோவிட்ஸ், லெபேஜ் என்று இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கோபமூட்டப்பட்ட மாணவர்கள், மேஜையில் துப்பாக்கி கிடந்தபோது எதிராளிக்கு அதிகமாக ஷாக் கொடுத்தார்கள்; பாட்மின்டன் மட்டை கிடந்தபோது குறைவாகக் கொடுத்தார்கள் என்பது முடிவு. துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தாலே கோபம் கூடுமாம். பிறகு வேறு சிலர் செய்து பார்த்தபோது இதே முடிவு கிடைக்கவில்லை. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நண்பரிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு மனசில்லை.

கலாஷ்னிகோவ் கதை அதைவிடக் கனமானது. ரஷ்ய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதில் கவிதை எழுதியவர். 1941-ல் ஜெர்மானியர்களோடு நடந்த போரில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நம் சிப்பாய்களுக்கு நல்ல துப்பாக்கி இல்லையே என்று யோசிக்க ஆரம்பித்தார். அதன் முடிவு, ஏ.கே.47. துப்பாக்கி மேல் அவருக்கு வந்த முதல் ஆசை ஊரைக் காப்பாற்றும் ஆசை. யார் குறை சொல்ல முடியும்? அது யார் யார் கைக்கெல்லாம் போனது என்பது உங்களுக்கே தெரியும். தன் கண்டுபிடிப்பைத் தவறாகப் பயன்படுத்தியது அரசியல்வாதிகள், தனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். 2013 டிசம்பரில், 94 வயதில் இறந்தார். இறந்த பிறகு ஒரு கடிதம் வெளியானது. ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்கு அவர் அனுப்பியது. அத்தனை சாவுகளுக்கும் நானும் பொறுப்பா என்று கேட்டிருந்தார். கிழவருக்கு அவ்வளவு தூரம் நடந்துவர ஏறக்குறைய வாழ்நாள் முழுக்கத் தேவைப்பட்டிருக்கிறது.

நண்பருக்குப் போன் செய்தேன். "அனுப்புங்க" என்றேன்.

அவர் பயந்த மாதிரி இல்லை அந்த இடம். கையில் ரைஃபிளைக் கொடுப்பதற்கு முன்பே சட்டதிட்டங்கள். எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினைத்துக்கொள். குழலை மனிதர் பக்கம் திருப்பாதே, விளையாட்டுக்குக்கூட. சுடத் தயாராகும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். இந்தக் கடைசி விதியைக் கேட்டபோது எனக்கு சலீம் அலி ஞாபகம்தான் வந்தது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். கடுகைவிடச் சின்னது. மூச்சை அடக்க வேண்டும், நெஞ்சு துடிப்பதுகூடக் குறியை ஆட்டும். அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இதில்தான். எதிராளி என்று அங்கே யாரும் இல்லை. அட்டை திரும்பி வரும்போது, தான் அந்த நொடியில் எவ்வளவு ஆடினோம் என்பது ஓட்டையாகத் தெரியும். இரண்டு பக்கமும் எழுதப்பட்ட கணக்கு.

எனக்குக் கவலை மகளைப் பற்றி இல்லை. நண்பருக்கு ஆறாவது படிக்கும் மகனும் உண்டு. சோபாவில் சாய்ந்தபடி மொபைலில் சமர்த்தாகச் சுட்டுக்கொண்டிருப்பவன். 2020-ல் பப்ஜியைத் தடை செய்தார்கள். அடுத்த வருடமே வேறு பெயரில் வந்துவிட்டது. அந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சுடப்பட்டவன் விழுந்ததும் ஒரு பெட்டியாகிவிடுவான். சுட்டவன் அங்கே நடந்து போவான். போய், பெட்டியைத் திறந்து அவனுடைய தோட்டாவையும் மருந்தையும் எடுத்துக்கொள்வான். போய்ப் பார்த்தாலும் அங்கே குருவி இல்லை, மஞ்சள் இல்லை. சாமான் இருக்கிறது!

"அது சும்மா கேம்தானே சார்" என்றார் நண்பர். ரைஃபிள் கிளப்புக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டவர் இதைச் சொன்னார்.

போன வாரம் மறுபடி பேசினோம். மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த அட்டையைத் தம்பி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைத் தடவிப் பார்த்தானாம்.

"இதுல போன குண்டு எங்கக்கா?"

"பின்னாடி, தடுப்புல போய் நின்னுருக்கும்."

"பின்னாடி யாராச்சும் நின்னா?"

"அதைத்தாண்டா முதல்ல பார்க்கச் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போய்விட்டாளாம். பையன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தானாம், கொஞ்ச நேரம்.