உயர்ந்த ஊர்தியும் உபரி இருக்கையும்

ஒரு பொருள் நம் உடைமையாகும்போது அதன் பயன் நமக்குக் கிடைக்கிறது. அதோடு வேறொன்றும் நிகழ்கிறது. பலரோடு சேர்ந்து நாம் அனுபவித்து வந்த ஒரு தொல்லையிலிருந்து நாம் மட்டும் விடுபட்டு விடுகிறோம். வீட்டில் கிணறு வெட்டியவன் ஊர்க் கிணற்றடியில் காத்து நிற்பதில்லை. சொந்த வண்டி வாங்கியவன் பேருந்து நிலையத்தில் கால் கடுக்க நிற்பதில்லை. இதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பொதுத் துன்பம் ஒன்றிலிருந்து தன் பொருளால் விலகிக் கொண்டவன், அத்துன்பத்திலேயே இன்னும் இருப்போர்க்கு ஏதேனும் கடன்பட்டவனா?

இவ்வினாவை வானத்து நட்சத்திரங்களை நோக்கி எழுப்பாமல், நம் வாசலில் நிற்கும் ஒரு பொருளை நோக்கியே எழுப்பிப் பார்க்கலாம். நடுத்தரக் குடும்பங்களின் கனவாகிவிட்ட எஸ்.யூ.வி. என்னும் உயரமான காரையே சொல்கிறேன். 2012இல் ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து ரெனால்ட் டஸ்டரும், 2015இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டாவும் வந்தபின் இவ்வகை வண்டி நம் மாநிலத்துச் சிற்றூர்கள் வரை பரவிற்று. வரிச்சட்டம் இதனை இனம் பிரிக்கக் கையாண்ட அளவுகோல்கள் சுவையானவை. எஞ்சின் கொள்ளளவோடு, 4,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீளமும், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே குறைந்தது 170 மில்லிமீட்டர் இடைவெளியும் அதற்கு இலக்கணமாயின. தரையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே ஒரு பொருளின் இலக்கணமாக அமைந்திருப்பது சிந்திக்கத் தக்கதன்றோ!

கள்ளக்குறிச்சிப் பகுதியில் இவ்வண்டியை வாங்கியோரிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "நம்ம ரோட்டுக்கு இதுதாங்க சரி." அது பொய்யன்று. சேலம்-உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் எந்தக் காரும் ஓடும். ஆனால் கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டிக் கல்வராயன் மலையேறத் தொடங்கினால்தான் வண்டிக்கு வண்டி வேறுபாடு விளங்கும். நானும் அத்தகைய வண்டி ஒன்றை ஓட்டுபவன். பெற்றோர், பிள்ளைகள், மூட்டை முடிச்சு அனைத்தையும் சுமந்துகொண்டு கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் அது முனகாமல் ஏறுகிறது. எரிபொருள் மட்டும் சமவெளியைவிட விரைவாகக் கரைகிறது. ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக் சூடேறாது என்பதை மலை விரைவில் கற்பித்து விடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் முன்கண்ணாடியின் பக்கத் தூண், எதிரே வருபவரை ஒரு கணம் மறைத்து விடுகிறது. உயரமான முகப்போ அருகில் நிற்கும் குழந்தையைக் கண்ணுக்குப் படாமல் செய்துவிடுகிறது. உயரத்தில் அமர்ந்தவனுக்குத் தொலைவு தெரியும், அருகிருப்பது தெரியாது. இது காருக்கு மட்டும் பொருந்தும் உண்மையன்று.

இவ்வண்டியின் தலையாய சிறப்பாகச் சொந்தக்காரர்கள் போற்றுவது எது? "பள்ளமே தெரியவில்லை" என்பதுதான். இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. பள்ளம் அப்படியே இருக்கிறது. தெரியாமல் போனது நமக்கு மட்டுமே. முன்பு அதே பாதையில் பேருந்தில் குலுங்கிச் சென்றபோது நம் வாயிலிருந்து முறையீடு எழுந்தது. அலுவலகங்களின் கதவைத் தட்டும் வசதியும், மனு எழுதத் தெரிந்த கையும் உடைய நாம் அந்தக் குலுக்கலிலிருந்து ஒவ்வொருவராக விலகிக்கொண்டால், முறையீடு செய்ய எஞ்சுபவர் யார்? குரல் எளிதில் எட்டாத மக்களே எஞ்சுவர். ஆக நாம் வாங்கிய வசதி நமக்குத் துன்பம் நீக்கியதோடு நில்லாமல், அவர்களுடைய துணையையும் குறைத்து விடுகிறது.

கல்வராயன் மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். நெடுங்காலம் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் இங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும் மருத்துவமனை இருப்பது வேறு, அதனிடம் போய்ச் சேர்வது வேறு. சாலை எட்டாத குக்கிராமங்களில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்துவரும் அவலம் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின், இம்மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலையும் போக்குவரத்தும் அங்கே விசாரணைப் பொருளாயின. நாமோ அருவி காண வார இறுதியில் அதே மலைக்குச் சென்று, "அருமையான டிரைவ்" என்று சொல்லித் திரும்புகிறோம்.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி உண்டு. பயணம் ஒன்றில், தேவைக்கு மிஞ்சிய வாகனம் உடையவர் அதை வாகனமற்றவருக்கு அளிக்குமாறும், மிஞ்சிய உணவு உடையவர் உணவற்றவருக்கு அளிக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். இவ்வாறே அவர்கள் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகவும், மிஞ்சியது எதிலும் தமக்கு உரிமையில்லையோ என்று தோழர்கள் எண்ணத் தலைப்பட்டார்களாம். ஒட்டகக் காலத்து அறிவுரை நம் காலத்துக் காலி இருக்கைக்கு எவ்வளவு பொருந்துகிறது! நம் சட்டமும் ஒரு விந்தையான வழியில் இதனோடு ஒத்துப் போகிறது. ஓன் போர்டு காரின் இருக்கையைக் கட்டணத்துக்கு விடுவதற்கு அனுமதியில்லை. எனவே அந்த இருக்கையை ஒன்று அன்பளிப்பாகத் தரலாம், அல்லது காலியாகவே கொண்டு போகலாம். விற்க வழியில்லை.

அப்படியாயின் கையைக் காட்டும் எவரையும் ஏற்றிக்கொள்ள வேண்டுமா? பெண்டு பிள்ளைகளுடன் செல்பவன் இருட்டில் அறியாதவரை ஏற்றத் தயங்குவது கருமித்தனமாகாது. குடும்பமும் இறைவன் ஒப்படைத்த அமானிதமே. அச்சத்தை இகழ வேண்டியதில்லை. ஆனால் அச்சம் உண்மையானதா, வசதியான சாக்கா என்பதைப் பிரித்தறிய வேண்டும். விபத்தில் அடிபட்டவரை ஏற்றினால் வழக்கில் சிக்குவோம் என்பது பழைய சாக்கு. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்சநீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அப்பாதுகாப்பைச் சட்டமாகவே ஆக்கியது. காப்பீடு பற்றிய தயக்கத்துக்கும் விடையுண்டு. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால், கட்டணமின்றி உடன் வருபவருக்கு அது துணை வராது. முழுமைக் காப்பீடு எடுத்திருந்தால் அவரும் அதில் அடங்குவார் என்று காப்பீட்டு ஆணையம் 2009இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே அண்டை அயலாருக்கும் இடந்தர எண்ணுபவர், ஆண்டுதோறும் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதே அந்த நல்லெண்ணத்தை எழுத்தில் வைத்துவிடலாம். வெள்ளிமலைச் சந்திப்பில் கைக்குழந்தையுடன் நிற்கும் தாய், "கச்சிராயபாளையம் வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போவீங்களாண்ணா?" என்று பகல் வெளிச்சத்தில் கேட்கும்போது, நம்மிடம் எஞ்சும் சாக்கு எது? ஏற்றிய பின் அதைச் சொல்லிக் காட்டாதிருப்பதும் கடமையே. சொல்லிக் காட்டுதல் தருமத்தைப் பாழாக்கும் என்று திருமறை எச்சரிக்கிறது.

எனினும் இருக்கை தருவதோடு கடன் தீர்ந்தது என்று கருதிவிடலாகாது. ஒருவருடைய தயவில் மருத்துவமனை சேர்வது வேறு, தன் உரிமையால் சேர்வது வேறு. தயவு நாளை வராமலும் போகலாம். காலையில் வரும் பேருந்து அப்படியன்று. எனவே இருக்கையினும் பெரிய கடன், நாம் இழந்துவிட்ட அந்தக் குலுக்கலை நினைவில் வைத்திருப்பதுதான். வண்டிக்குத் தெரியாத பள்ளம் மனத்துக்குத் தெரிந்தாக வேண்டும். நமக்குத் தேவையில்லாத பேருந்துக்காக நாம் மனு எழுத வேண்டும். நாம் கடந்துவிட்ட சாலைக்காக நாம் சாட்சி சொல்ல வேண்டும். தன் துன்பத்துக்காக முறையிடுவது இயல்பு. தனக்கு நீங்கிய துன்பத்துக்காகப் பிறர் சார்பில் முறையிடுவதே அறம்.

மலைச்சாலைக்கு ஒரு விதி உண்டு. வழி குறுகிய இடத்தில், இறங்கி வருபவர் ஒதுங்கி நின்று ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். பாரத்தோடு ஏறுபவர் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம் என்பதே இதன் கருத்து. உடைமையாளர் அனைவருக்கும் இதைவிட எளிய நெறி வேண்டுவதில்லை. பூமியில் செருக்குடன் நடக்காதே, உயரத்தில் நீ மலைகளை எட்டிவிடப் போவதில்லை என்ற பொருள்படத் திருமறை பதினேழாம் அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. கல்வராயன் மலையடியில் நிற்கும் எந்த வண்டிக்கும் அவ்வுண்மை கண்கூடு. நூற்றெழுபது மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டோம், நல்லது. அந்த உயரத்திலிருந்து இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர்களைக் காண்போமாக, கண்டு, வழிவிடுவோமாக.