அண்டை வீட்டாருக்கு என்ன சொல்வது?

வீட்டைப் புதுப்பிக்கிறவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவன்? சட்டம் இதற்கு ஏதோ ஒரு பதில் வைத்திருக்கிறது. இத்தனை அடி விட்டுக் கட்டு, வரைபடத்தைக் கொண்டு வந்து கொடு, அனுமதி வாங்கு என்று அது சொல்லும். ஆனால் சட்டம் பேசி முடித்த இடத்தில்தான் தர்மத்தின் கேள்வி ஆரம்பமாகிறது. அந்த வீடு ஒரு பெரிய மாளிகையாகவும், பக்கத்து வீடு ஓர் ஊராகவுமே இருந்துவிட்டால் கேள்வி இன்னும் கனத்துப் போகிறது.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஓர் உல்லாச மாளிகையின் கதை நினைவுக்கு வருகிறது. நாவல் எழுதுகிறவனுக்குப் பொறாமை மூட்டுகிற கதை அது. நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால், 'இதெல்லாம் நம்பும்படியாகவா இருக்கிறது?' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஊரின் பெயர் வொயிட் சல்பர் ஸ்பிரிங்ஸ். மலைகளுக்கு நடுவே கந்தக நீர் ஊறும் சின்ன ஊர். இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் இருந்தால் அதிகம். நீரூற்றில் குளித்தால் நோய் தீரும் என்று 1778-லிருந்தே ஜனங்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். 1858-ல் ஒரு பெரிய ஹோட்டல் எழுந்தது. 1910-ல் செஸபீக் அண்ட் ஒஹையோ என்ற ரயில்வே கம்பெனி அந்த இடத்தை வாங்கி, 1913-ல் கிரீன்பிரயர் என்ற புதிய மாளிகையைத் திறந்தது. வெள்ளைத் தூண்களும் புல்வெளிகளுமாக, பணக்காரர்கள் ரயிலில் வந்து இறங்கி ஓய்வு கொள்ளும் இடமாக அது ஆயிற்று.

யுத்தம் வந்தது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், ஜெர்மன், ஜப்பானியத் தூதர்களையும் அவர்கள் குடும்பங்களையும் சில மாதம் இங்கேதான் வைத்திருந்தார்கள். பிறகு ராணுவம் மாளிகையை வாங்கி ஆஸ்பத்திரியாக மாற்றியது. நான்கு ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். 1946-ல் ரயில்வே கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டு, டோரதி டிரேப்பர் என்ற பெண்மணியைக் கொண்டு உள்ளலங்காரம் முழுவதையும் மாற்றியது. பெரிய பெரிய பூக்கள் போட்ட துணிகளும், கண்ணைப் பறிக்கும் வர்ணங்களுமாக 1948-ல் மறுபடி திறந்தார்கள். இத்தனை மாறுதல்களும் ஊர் பார்க்க நடந்தவை. அந்த மாளிகையில் சமைக்கிறவர்களும், துணி துவைக்கிறவர்களும், புல் வெட்டுகிறவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தாமே? தனியாக யாரும் அறிவிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1958-ல் ஆரம்பித்த வேலைதான் வேறு மாதிரி. புதிதாக ஒரு பகுதி கட்டப்போகிறோம், மேற்கு வர்ஜீனியா விங் என்று அதற்குப் பெயர் என்று நிர்வாகம் சொல்லிற்று. சொன்னது பொய்யல்ல. அப்படி ஒரு பகுதி எழத்தான் செய்தது; இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் அடியில், மலையைக் குடைந்து, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சதுர அடிக்கும் மேலாக ஒரு பாதாள லோகத்தையே கட்டினார்கள். அணுகுண்டு யுத்தம் மூண்டால் அமெரிக்க காங்கிரஸ் சபையின் அங்கத்தினர்கள் வாஷிங்டனிலிருந்து சுமார் 250 மைல் தப்பி வந்து, அங்கே உட்கார்ந்து ராஜ்யபாரம் நடத்துவதற்காக! ஆயிரத்து நூறு படுக்கைகள், ஆஸ்பத்திரி, உடம்பில் படிந்த கதிர்வீச்சுத் தூசியைக் கழுவும் குளியலறைகள், இரு சபைகளும் தனித் தனியே கூடுவதற்கு இரண்டு மண்டபங்கள். வாசலில் 25 டன் எடையுள்ள இரும்புக் கதவு. அவ்வளவு கனமான கதவைக் கீலில் எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தியிருந்தார்களென்றால், ஒரே ஆள் தள்ளினால் அது நகரும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்கிறோம். இவர்கள் சோற்றையே பூசணிக்காயின் மேல் பரிமாறிவிட்டார்கள். பாதாளத்தின் ஒரு பெரிய பகுதியைப் பொருட்காட்சி மண்டபம் என்று சொல்லி, வியாபார மாநாடுகளுக்கு வாடகைக்கே விட்டார்கள்! அலங்காரச் சுவருக்குப் பின்னால் குண்டு தாங்கும் கதவு மறைந்திருப்பது தெரியாமல், கனவான்கள் அங்கே நின்று காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பாதாளத்தைப் பராமரிக்க அரசாங்கம் வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும், ஃபோர்ஸைத் அசோஸியேட்ஸ் என்ற பொய்ப் பெயருள்ள கம்பெனியின் சிப்பந்திகளாக நடமாடினார்கள். ஹோட்டல் அறைகளில் டெலிவிஷன் பெட்டி பழுதுபட்டால் உண்மையாகவே வந்து சரி செய்து கொடுத்தார்கள். கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொய் நிலைத்து நிற்க வேண்டுமானால் அது தினமும் கொஞ்சம் உண்மையான வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்!

1961-ல் வேலை முடிந்தது. முப்பது வருஷம் ஊருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஊருக்குத் தெரியாதா? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. லாரி லாரியாகக் கான்கிரீட் மலைக்குள் போனதை ஓட்டிப்போனவன் பார்த்திருக்கிறான். மேலே எழுந்த கட்டடத்துக்கு அத்தனை கான்கிரீட் எதற்கு என்று கணக்குப் போட அவனுக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஊரில் அரசல் புரசலாகப் பேச்சு இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று நாம் சொல்லுவோம். ஆனால் அந்த ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. வெளியூர்க்காரர்களிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒரு வழக்கமே ஏற்பட்டுவிட்டது.

'பிறகென்ன, ஊருக்குத் தெரியும், ஊர் ஒப்புக்கொண்டது, ஒருவருக்கும் நஷ்டமில்லையே!' என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யூகித்துத் தெரிந்துகொள்வது வேறு, சொல்லித் தெரிந்துகொள்வது வேறு. சொல்லப்பட்டவன் திருப்பிக் கேட்கலாம்: 'குண்டு விழுந்தால் எங்கள் குழந்தைகள் எங்கே போவது?' யூகித்தவன் யாரிடம் போய்க் கேட்பான்? அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றல்லவா பதில் வரும்! அதோடு, அந்த ஊரின் அடுப்பு எரிவதே அந்த மாளிகையை நம்பி. சோறு போடுகிற வீட்டைப் பற்றி வேலைக்காரன் வாய் திறக்காமலிருப்பதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது எஜமானர்களின் பழைய வழக்கம்.

எங்கள் தெருவில் ஒருவர் ஓடு மாற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு முழு மாடியே கட்டினார். என் எழுத்து மேஜைக்கு வந்துகொண்டிருந்த காலை வெயில் போயிற்று. வெயில் போனது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஆனால், 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?' என்ற குறை மட்டும் போகவில்லை. நம் கல்யாண வீடுகளில் மூளுகிற சண்டைகளை நினைத்துப் பாருங்கள். சீர் குறைந்ததென்று வருகிற மனஸ்தாபத்தைவிட, 'என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே' என்று வருவதுதான் அதிகம். அந்த மாமாவிடம் சொல்லியிருந்தால் அவர் தடுக்கப்போகிறாரா? இல்லை. அனுமதி கேட்கச் சொல்லவில்லை அவர். தாம் ஒரு மனிதர், அந்தக் குடும்பத்தில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்று ஒருவர் நினைத்துப் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவர் கேட்பது.

இன்று பழைய ஹோட்டல்களையும் அரண்மனைகளையும் புதுப்பிக்கிறவர்கள் ஊர்க் கூட்டம் போடுகிறார்கள். வரைபடம் மாட்டுகிறார்கள். எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எந்தச் சாலையில் லாரி வரும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று விளக்குகிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தூசியையும் சத்தத்தையும் பற்றிச் சொல்வது சுலபம். நிலத்தடி நீர் எவ்வளவு போகும், நாளைக்கு ஊர் ஏழையால் அங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியுமா என்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும்போதுதான் நாக்கு புரள மறுக்கிறது. சொல்லச் சுலபமானதைச் சத்தமாகச் சொல்லி, கஷ்டமானதை அதற்கடியில் புதைத்துவிடுவது எல்லாத் தேசத்துக் கட்டட முதலாளிகளுக்கும் தெரிந்த வித்தை. யுதிஷ்டிரன் அசுவத்தாமன் என்பதை உரக்கச் சொல்லி, யானை என்பதை வாய்க்குள் சொன்னானே, அந்த வித்தை. அதுவரை பூமியில் படாமல் ஓடிய அவன் தேர் அந்தக் கணத்தில் மண்ணைத் தொட்டது என்கிறது கதை.

ஆனால் கிரீன்பிரயர் விஷயத்தில் அரசாங்கத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் இருப்பதை மறைக்கக் கூடாது. அது லேசான நியாயமும் அல்ல. ஊருக்குச் சொன்னால் ஊரோடு நிற்குமா? மாஸ்கோவுக்குப் போகும். போனால், அதுவரை எந்த எதிரியின் பூகோளப் படத்திலும் இல்லாத அந்தச் சிற்றூர் குண்டுக்குக் குறியாகிவிடும். ஆகவே ஊரைக் காப்பாற்றுவதற்கே ஊருக்குச் சொல்லாமலிருக்க வேண்டியதாயிற்று என்று அவர்கள் வாதாடலாம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் ஸ்தானத்தைப் பெறலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே?

கொடுத்திருக்கிறார். ஆனால் நன்மை யாருக்கு? ஊரை அந்த ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தியதே அந்தக் கட்டடம்தான். முதலில் ஒருவன் வீட்டுக்கடியில் வெடிமருந்தை வைத்துவிட்டு, பிறகு 'சொன்னால் பயப்படுவான், அவன் நன்மைக்காகச் சொல்லவில்லை' என்றால் அதை வள்ளுவர் ஏற்பாரா? சொல்ல முடியாத நிலைமை உண்மையாகவே உண்டு. தேசங்களுக்கும் உண்டு, தனி மனிதர்களுக்கும் உண்டு. ஆனால், சொல்ல முடியவில்லை என்பதனால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. வேறொரு ரூபத்தில் அதிகமாகிறது. பக்கத்து வீட்டானுக்கு ஆபத்தை உண்டாக்கி, அதைச் சொல்லவும் வழியில்லை என்றால், ஆபத்து வரும் நாளில் கதவுக்கு உள்ளே அவனுக்கும் ஓர் இடம் வைத்திருக்க வேண்டும். ஆயிரத்து நூறு படுக்கைகள் போட்டார்கள். அந்த மலையைக் குடைந்தவனுக்கும், மேலே சமையல் செய்தவளுக்கும் அந்தத் திட்டத்தில் இடம் இருக்கவில்லை. என் வழக்கு ரகசியத்தின் மேல் அல்ல, இதன் மேல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காங்கிரஸ் அங்கத்தினர்களின் மனைவி மக்களுக்கும் திட்டத்தில் இடம் கிடையாது. சபாநாயகராக இருந்த டிப் ஓ'நீல், தம் மனைவியை உடன் அழைத்து வர முடியாது என்று தெரிந்ததும் அந்த ஏற்பாட்டிலேயே தமக்குச் சிரத்தை போய்விட்டது என்று பிற்பாடு சொன்னார். மனுஷத்தன்மையுள்ள பேச்சு என்று எனக்குப் பட்டது. யாரை வெளியே நிறுத்துகிறோம் என்று ஒரு முகத்தை நினைத்துப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் கதவின் கனம் தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்களின் முகங்கள் திட்டம் போட்டவர்களுக்குப் பழக்கமில்லை. அதனால் அந்தக் கஷ்டமும் இல்லை.

1992 மே 31-ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் டெட் கப் என்ற நிருபர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அத்துடன் பாதாளத்தின் உபயோகம் தீர்ந்தது. தேசத்தின் ரகசியத்தை வெளியிட்டது தகுமா என்று கேட்கலாம். நான் அவர் கட்சிதான். எந்த எதிரியிடமிருந்து அதை மறைத்தார்களோ அந்த சோவியத் யூனியன் 1991 டிசம்பரிலேயே மறைந்துவிட்டது. அதன் பிறகு அது யாரிடமிருந்து ரகசியம்? சொந்த ஜனங்களிடமிருந்து மட்டும்தானே? அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே ஏவுகணைகள் வந்துவிட்டன. அரை மணியில் வந்து விழுகிற குண்டுக்கு முன்னால், ஐந்நூற்றுச் சொச்சம் பேரைத் திரட்டி 250 மைல் அழைத்து வருவது நடக்கிற காரியமா? ஒரு தடவைகூட அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்குப் பயன்படவில்லை. ஆனாலும் முப்பது வருஷமும் மருந்துகளைப் புதுப்பித்து, யந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு, அதைத் தயாராகவே வைத்திருந்தார்கள்.

1995 முதல் பொதுமக்கள் சுற்றிப் பார்க்க அதைத் திறந்துவிட்டார்கள். கட்டணம் உண்டு. கான்கிரீட் லாரி ஓட்டியவன் தான் கொட்டியது எங்கே போயிற்று என்று பார்க்க விரும்பியிருந்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

2016 ஜூன் மாதம் அந்தப் பகுதியில் பெருமழை பெய்து வெள்ளம் வந்தது. மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வொயிட் சல்பர் ஸ்பிரிங்ஸில் வீடுகளே அடித்துக்கொண்டு போயின. மாளிகையின் கோல்ஃப் மைதானமும் நாசமாகி, ஜூலையில் நடப்பதாக இருந்த பெரிய பந்தயம் ரத்தாயிற்று. அப்போது ஹோட்டல் விருந்தினர்களுக்குக் கதவை அடைத்துவிட்டு, வீடிழந்த ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து தங்கவைத்தது. பாதாளத்துப் படுக்கைகளில் அல்ல, மேலே பூப்போட்ட திரைகள் தொங்குகிற அறைகளில்.