உடலோம்பலும் வினைநுகர்வும்



நூம்பலில் யாம் சித்தாந்தச் சொற்பொழிவு ஆற்றிய ஞான்று, முதிய அன்பர் ஒருவர் எம்மை அணுகி ஓர் ஐயம் வினாவினார். அணித்தாகிய திருவேற்காட்டுத் திருக்கோயிலுக்கு நாடோறும் நடந்து சென்று வலம்வந்தவர் அவர். முழங்கால் வலியால் அப்பணி தடைப்பட்டு ஓராண்டு கழிந்தது. அக்குபஞ்சர் என்னும் ஊசி மருத்துவமும் அளவான உடற்பயிற்சியும் மேற்கொள்ளுமாறு அவர்தம் மைந்தர் வற்புறுத்துகின்றனர். "இந்நோய் யான் நுகர்தற்குரிய பிராரத்தமாயின், அதனை விலக்க முயல்வது இறைவன் ஆணையை மறுப்பதாகாதோ?" என்பதே அவர் வினா. இவ்வையம் அவர் ஒருவர்க்கே உரியதன்று. ஆகலின் ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் தோற்றுவித்து உயிர்கட்கு உதவியவன் இறைவன். ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு, விடியுமளவும் எரியும் விளக்குப் போல்வது மாயையின் காரியமாகிய உடம்பு என்பது உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிற் காட்டிய கருத்து. விளக்கொளியில் நூல் ஓதுவான் ஒருவன், திரி கருகியபோது அதனைத் தூண்டாது விடுவானல்லன். இரவு முழுதும் விளக்கையே துலக்கிக்கொண்டு நூலை மூடி வைப்பானும் அல்லன். உடலோம்பலின் அளவு இதுவேயாம்.

இனி, வினை சடமாகலின் தானே வந்து பயன் தரமாட்டாது. இறைவனே அதனை உயிர்க்குக் கூட்டுவிப்பன். நோயைக் கூட்டுவித்த அவனே மருந்தையும் மருத்துவனையும் கூட்டுவித்தான் என்று கொள்ளுதற்குத் தடை யாது? பசியும் உடம்பின் துன்பமே. அதனைப் பிராரத்தம் என்று சொல்லி உணவை மறுப்பார் யாருமிலர். நுகர்வினை எத்துணைத்து என்பது நமக்குப் புலனாகாது. புலனாகாத ஒன்றைச் சாக்காகக் கொண்டு முயற்சியைக் கைவிடுதல், புதிய ஆகாமியத்திற்கு வித்திடுதலேயாம். முயன்ற பின்னும் வலி எஞ்சுமாயின், அதனை அருளென ஏற்று அமைதலே சைவர்க்கு அழகு.

"தருமசேனராய் இருந்த காலத்துத் திருநாவுக்கரசரைப் பற்றிய சூலை மருந்துகளால் தீர்ந்திலதே" எனின், அது மருந்தை இகழ்தற்கு வந்ததன்று. அவரைத் தடுத்தாட்கொள்ள வந்தது. திருவதிகையில் திலகவதியார் அளித்த திருநீற்றால் நலம் பெற்றவர், அவ்வுடம்பைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, கையில் உழவாரம் ஏந்தினர். நலம்பெற்ற உடம்பு எதற்கு என்னும் வினாவிற்கு அவர் வாழ்வே விடையாயிற்று.

ஊசி மருத்துவம் சீனத்திற் பிறந்தது. உடலில் ஓடும் உயிராற்றலின் நெறிகளில் நுண்ணிய ஊசிகளைச் செலுத்தி நோய் தீர்ப்பது அதன் கொள்கை. 1938-ஆம் ஆண்டில் சீனத்திற்குச் சென்ற இந்திய மருத்துவர் ஐவருள் ஒருவராகிய பி. கே. பாசு, பின்னாளில் இதனைக் கற்றுக் கல்கத்தாவிற்குக் கொணர்ந்தார். நம் சித்த மருத்துவத்தில் 108 வர்மங்கள் கூறப்படுதலும் ஈண்டு நினையத்தகும். எனினும் உண்மை மறைத்தல் கூடாது: இவ்வூசியால் முழங்கால் வலி சிலர்க்குத் தணிதல் உண்டு, ஆனால் ஊசி குத்தியதுபோற் காட்டும் போலி முறையால் வரும் தணிவினும் அது பெரிதும் மிகுவதன்று என்பர் ஆய்வாளர். ஆகலின் பயிற்சி பெற்றாரிடமே, ஒருவர்க்கு ஒருமுறையே பயன்படும் தூய ஊசியாற் செய்துகொள்க. குருதி உறையாமைக்கு மருந்து உண்பார் அதனை முன்னரே தெரிவிக்க.

முழங்காற் தேய்மானத்திற்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியையே மருத்துவர் முதன்மையாக வற்புறுத்துவர். 65 ஆண்டு கடந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடத்தல் போன்ற பயிற்சியும், மூன்று நாளேனும் உடலின் நிலைப்பேற்றிற்குரிய பயிற்சியும் செய்தல் நன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. இதனைக் கேட்டபோது எமக்குச் சரியைத் தொண்டுகளே நினைவில் எழுந்தன. திருவலகிடுதல், மெழுகிடுதல், மலர் கொய்தல், வலம்வருதல் ஆகிய இவையனைத்தும் கைகால்களுக்கு வேலை தருவனவே. ஆயினும் இவற்றை உடல்நலங் கருதிச் செய்தல் சரியை ஆகாது. அன்பினாற் செய்யுங்கால் நலம் உடன்விளைவாய் வரும்.

திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்க நாயனார், அடியார்க்கு அமுதளித்தலையே தம் வாழ்வாகக் கொண்டவர். அதன்பொருட்டுச் சூதாடி ஈட்டிய பொருளையும் தாம் தீண்டாது அடுவார் கையிற் கொடுப்பித்தனர். அடியார் உடம்பை அவர் அத்துணை அருமையாக மதித்தார். அவ்வூர்த் திருவீதியை வலம்வந்த கால்களும் ஓர் அடியார் கால்கள் அல்லவோ? அவற்றை ஓம்புதல் அன்பருக்கு உரிமை மட்டுமன்று, கடமையுமாம் என்று அவருக்குக் கூறினோம்.

"நடக்க இயலாமற்போயின்?" என்று மீண்டும் வினாவினார். "இருந்த இடத்தில் ஐந்தெழுத்தை ஓதுக, கால் ஓய்ந்தாலும் நா ஓயாது, நா ஓய்ந்தாலும் நெஞ்சு ஓயாது" என்றோம். அவர் கண்ணீர் மல்கத் திருநீறு பெற்று, மறுநாளே மருத்துவரிடம் செல்வதாகக் கூறி விடைகொண்டார்.

விளக்கு எரியுமளவும் ஓதுவோமாக.

திருச்சிற்றம்பலம்.